மாலை போட்ட சில்லர்

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுக்கூடத்தின் கதவைத் திறந்ததுமே தமயந்தி வாசலிலேயே நின்றாள். குளிர்விக்கும் எந்திரமான சில்லரின் இரைச்சல் இல்லை. ஒன்றரை வருடமாக அந்த இரைச்சலைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தவள் அவள்.

திரையில் இருபத்து மூன்று டிகிரி. இருக்க வேண்டியது நான்கு.

சில்லருக்குச் சாமந்தி மாலை, சந்தனம், இரண்டு பக்கமும் வாடிய வாழைக்கன்று. புதன்கிழமை ஆயுத பூஜை, மறுநாள் விஜயதசமி. தமயந்தியின் வீட்டார் பெங்களூரு மர்பி டவுன் பௌத்தர்கள்; பூஜைக்கு அவள் வருவதில்லை. அதனால்தான் செவ்வாய்க்கிழமையே ‘அணைக்கக் கூடாது’ என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிச் சில்லரில் ஒட்டிவிட்டுப் போனாள். மாலை சரியாக அந்தத் தாளின் மேல் தொங்கியது.

சில்லர் குளிரவைத்தது ஓர் எஃகு உருளையை. உள்ளே வங்காள விரிகுடாவின் தரைக்கும் அடியிலிருந்து தோண்டிய ஒரு முழச் சேறு. சேற்றுக்குள் பனிக்கட்டி போலொரு கட்டி, அதற்குள் மீத்தேன் வாயு. குளிரும் அழுத்தமும் இருக்கும்வரைதான் அது கட்டி. திங்கட்கிழமை அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மண் சரியாமல் வாயுவை மட்டும் வெளியே எடுத்துக் காட்ட வேண்டும். அந்த வாயுவைப் பிளந்தால் எரிக்க ஹைட்ரஜன், பாட்டரிக்கும் டயருக்கும் கரி என்று திட்டத் தலைவர் பத்ரிநாத் மேடைக்கு மேடை பேசுவார். இறக்கும் கணக்கைப் போட்டவள் தமயந்தி. வேறு துண்டு கிடையாது. அடுத்த கப்பல் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

எலெக்ட்ரீஷியன் அர்ஜுனன் பொரிப் பொட்டலத்தோடு வந்தான்.

“அக்கா, பிரசாதம்.”

“இத யாரு ஆஃப் பண்ணது?”

“எல்லாத்தையும் நான்தான். ஓடற மிஷினுக்கு யாராவது பூஜை போடுவாங்களாக்கா? அதுக்கும் ஒரு மணி நேரம் ரெஸ்ட் வேணாமா? அப்புறம் மெயின் போட்டுட்டுத்தான் பூட்டினேன்.”

“மெயின் போட்டா இது ஓடாது. ரீசெட் அமுக்கணும்.”

“அது எங்க இருக்கு?”

அவள் மாலையை விலக்கினாள். பச்சைப் பொத்தான். அதன்மேல் குங்குமம்.

“பொட்டு வெச்ச கை கொஞ்சம் அழுத்தி வெச்சிருந்தா போதும்.” கோபத்தில் அவளே அமுக்கினாள். சில்லர் இரைய ஆரம்பித்தது.

பயனில்லை. வரைபடம் எல்லாவற்றையும் காட்டியது. புதன் இரவு கட்டி கரைந்து, அழுத்தம் ஏறி, பாதுகாப்பு வால்வு திறந்து, வாயு கூரைக்குழாய் வழியாகப் பெங்களூரு வானத்துக்குப் போய்விட்டது. மிச்சம் சேற்றுத் தண்ணீர்.

பத்ரிநாத் வந்தார். வரைபடத்தை இரண்டு தடவை பார்த்தார்.

“பவர் கட்னு எழுதிடுங்கோ, தமயந்தி. இந்த ஊர்ல யாரும் சந்தேகப்பட மாட்டா.”

“யூபிஎஸ் இருக்கு சார். கரண்ட் போகலன்னு அதுல பதிவாயிருக்கு.”

“அப்போ சில்லர் ரிப்பேர்னு எழுதுங்கோ. சும்னே, அனாவசியமா தலைவலி வேண்டாம். பொறுப்பு உங்களோடது. லீவுல போனதும் நீங்கதான்.”

“தாள் ஒட்டிட்டுத்தான் போனேன்.”

“எந்தத் தாள்?”

மாலையைக் கழற்றி மேஜையில் போட்டாள். தாளின் நடுவிலும் ஒரு பொட்டு இருந்தது.

“இது யாரு வெச்சது சார்?”

அர்ஜுனன் பொரியில் கடலை பொறுக்கினான்.

“ஒவ்வொண்ணுக்கும் நானே என் கையால வெச்சேன்,” என்றார் பத்ரிநாத். குரல் இறங்கியிருந்தது. “திங்கட்கிழமை நன்னா நடக்கணும்னுதான்.”

அவளுக்கு அவரைத் திட்டக்கூடத் தோன்றவில்லை. பதிவேட்டை இழுத்து எழுதினாள்: ‘புதன் காலை 10.20, பூஜைக்காகச் சில்லர் அணைக்கப்பட்டது. திரும்ப ஓடவில்லை. மாதிரி அழிந்தது.’ கையெழுத்துப் போட்டுப் பேனாவை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் அதைத் தொடவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “முதல்ல அந்தச் சத்தத்த நிறுத்துங்கோ.”

“ஆஃப் பண்ணக் கூடாதுன்னு எழுதியிருக்கே, சார்,” என்றான் அர்ஜுனன்.