பதினான்கு நாள் தனியாகப் பாடிய ஸ்பீக்கர்

என் வீட்டுக்காரர் ஆர்விட், பதினோரு வருஷமாக அந்த ஸ்பீக்கர் ஜோடியைக் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விலை ஆறாயிரம் டாலர். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பதினான்கு நாள் கேட்டுப் பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பலாம். ஆனால் பெட்டியைப் பிரித்த குற்றத்துக்கு ஆயிரத்து இருநூறு பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பயத்திலேயே ஒவ்வொரு தடவையும் வாசலோடு திரும்பிவிடுவார். போன ஜனவரியில் நான்தான் பொறுக்க மாட்டாமல் வாங்கச் சொன்னேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

பெட்டியைப் பிரித்த கையோடு அவருடைய இசை ரசிகர் சங்கத்திலிருந்து போன். புது ஸ்பீக்கர் நானூறு மணி நேரம் ஓடினால்தான் பதமாகுமாம். அதற்குமுன் கேட்டால் காது பழகிக் கெட்டுவிடுமாம். பதினான்கு நாளுக்கு முந்நூற்று முப்பத்தாறு மணிதானே!

"ராத்திரி பகலா ஓட விடுவோம், சிக்னி. முக்காவாசியாவது பதமாயிடும். நாம மட்டும் கேக்கக் கூடாது."

"அப்ப நாம எங்க போய்த் தொலையறது?"

"ஏரிக்கு."

உறைந்த ஏரிமேல் எங்கள் மீன்பிடிக் குடிசை நிற்கிறது, குளியலறை அகலத்துக்கு. நடுவில் பனியில் போட்ட ஓட்டை, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வீட்டில் ஸ்பீக்கர் பூனைக்குப் பாடியது. பூனைக்குச் சோறு வைக்கப் போனால், மரம் அறுக்கும்போது மாட்டும் காதுமூடியோடுதான் போக வேண்டும்.

ஒன்பதாம் நாள் நான் காதுமூடியைக் கழற்றிவிட்டேன். யாரோ ஒருத்தி பாடிக்கொண்டிருந்தாள், பக்கத்தில் நின்று பாடுவதுபோல. ஈரப் பூட்ஸோடு நின்று அழுதேன். அவரிடம் மூச்சு விடவில்லை.

பதினான்காம் நாள் ஸ்பீக்கரைக் கடைக்கே திருப்பிக் கொண்டுபோனோம். கடைக்காரர் டாயில் கேட்டார்: "என்ன சார் பிடிக்கல?"

"தெரியலயே. நான் இன்னும் கேக்கல."

"கேக்காமயா திருப்புறீங்க?"

"கேக்காத சாமானுக்கு ஆறாயிரம் எப்படிங்க குடுக்கிறது?"

டாயில் ஆயிரத்து இருநூறைக் கழித்தார். எங்கள் கண்ணெதிரிலேயே அந்தப் பெட்டிமேல் 'பிரித்தது, 4,800 டாலர்' என்று சீட்டு ஒட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கார்டை எடுத்து மேஜைமேல் அடித்தேன்.

"அத எனக்குப் போடுங்க."

"மேடம், தள்ளுபடிச் சரக்கு. திருப்பி எடுக்க மாட்டோம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

ஆர்விட் முகம் வெளுத்துவிட்டது. "சிக்னி, பிடிக்கலன்னா?"

"பிடிக்கலன்னா பிடிக்காமலே கேளு. ஏறு வண்டியில."

வீட்டில் நானே மாட்டி, நானே போட்டேன். அதே பாட்டுக்காரிதான். நானூறு மணிக்கு இன்னும் பாக்கி இருக்கிறது என்று முனகிக்கொண்டே உட்கார்ந்தவர், பாதியில் முனகலை நிறுத்தினார். பாட்டு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

"பதினோரு வருஷம், சிக்னி," என்றார்.

அவரைத் திட்டுவதற்கு வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். மறுபடியும் முதலிலிருந்து போட்டுவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.