உரிமையாளர் வீட்டுக்குப் பொருந்தாது

ஆம்பூரில் லியாகத் அலியின் காம்பவுண்டில், மூன்றாம் வீட்டில் அடித்த ஆணி மறுநாள் காலை மற்ற ஐந்து வாடகை வீடுகளிலும் இருந்தது. அதே பக்கத்துச் சுவர், அதே ஐந்தடி உயரம், அதே இரண்டங்குல ஆணி. அடித்தவர் நயீம் அகமது. கொரோனாவில் இறந்துபோன தன் அப்பாவின் கடிகாரத்தை மாட்ட வேண்டுமென்று ஒரு வாரம் நச்சரித்து அனுமதி வாங்கியிருந்தார். வேலூரிலிருந்து வந்த இன்ஜினியர் ஆறு சுவர்களையும் விரலால் தட்டிப் பார்த்து, பூச்சு நன்றாக இருக்கிறது என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பலகை உண்டு. ஆணி அடிக்கக் கூடாது, மோட்டார் காலை ஆறு முதல் ஆறரை வரை மட்டும், பிராணிகள் வளர்க்கக் கூடாது, ஒரு வீட்டுக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்று இப்படி எட்டு விதிகள். கடைசியில் சின்ன எழுத்தில் ஒன்பதாவது: இவை உரிமையாளர் வீட்டுக்குப் பொருந்தாது. லியாகத் அலி முப்பது வருடம் டேனரியில் தோல் தரம் பிரித்தவர். மேசைமேல் தோலை விரித்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, ஒன்று, இரண்டு, மூன்று என்று சொல்லிவிடுவார். முதலாளியின் மச்சான் அனுப்பிய தோலும் முகம் தெரியாதவன் அனுப்பிய தோலும் அந்த விரலுக்கு ஒன்றுதான். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு என்பது அவரிடம் கிடையாது. இரண்டு கண்ணுக்கும் சுண்ணாம்புதான். யார் என்ன சலுகை கேட்டாலும், “ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாருக்கும் குடுத்த மாதிரி” என்பார். பதினோரு வருடம் இதையே கேட்டுக் கேட்டு, கட்டடம் அதை உண்மை என்று எடுத்துக்கொண்டது.

அடுத்தது பூனை. இரண்டாம் வீட்டு லுப்னா கெஞ்சி ஒரு பூனைக்கு அனுமதி வாங்கினாள். விடிந்தால் ஆறு வீட்டிலும் வீட்டுக்கொரு பூனை, எல்லாவற்றுக்கும் இடது காதில் கறுப்பு மச்சம். ஆறாம் வீட்டு நவீன்குமாருக்குப் பூனை என்றாலே உடம்பெல்லாம் கூசும். அவர் அதைப் பேரணாம்பட்டு பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தும் அது திரும்பி வந்தது. எல்லாரும் லியாகத் அலியிடம் சண்டைக்கு வந்தார்கள். ஒருவருக்கு மனமிரங்கினால் ஐந்து பேரிடம் திட்டு வாங்க வேண்டியிருக்கிறதே என்று மனிதர் வெறுத்துப்போனார். அவர் வீட்டில் மட்டும் ஆணியும் வரவில்லை, பூனையும் வரவில்லை. பலகையில்தான் எழுதியிருந்ததே.

அந்த நேரம் பார்த்து ஐந்தாம் வீட்டு சங்கீதா வந்து நின்றாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை, புருஷன், இரண்டு பிள்ளைகள். ஆக நான்கு பேர். டேனரியின் சுண்ணாம்புத் தொட்டியில் காலமெல்லாம் நின்று நுரையீரல் கெட்டுப்போன அவள் அப்பா சம்பத்தை, குடியாத்தத்தில் மகன் வெளியே அனுப்பிவிட்டான்.

“வேற போக்கிடம் இல்ல பாய். மூலையில படுத்துப்பாரு.”

“நாலு பேருன்னா நாலு பேருதாம்மா. உனக்குக் குடுத்தா ஆறு வீட்லயும் உங்கப்பா இருமுவாரு. அந்தப் பேஜாரு எனக்கு வேணாம்.”

சம்பத் ஒன்பது நாள் பஸ் நிலையத்து பெஞ்சில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். பத்தாவது நாள் மற்ற ஐந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து வந்து, அவருக்கு இடம் கொடுக்கச் சொன்னார்கள். லியாகத் அலிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“இன்னாப்பா இது? ஒரு குடம் தண்ணி ஜாஸ்தியானா அடிச்சிக்கிற ஆளுங்க நீங்க!”

நயீம் அகமது தரையைப் பார்த்தபடி சொன்னார்: “பூனை அவங்கவங்களுக்குத் தனித்தனியாதானே வந்துச்சு பாய். அப்பான்னா அவங்கவங்க அப்பாதானே வருவாரு? எங்கப்பா மூஞ்ச கூட எனக்குக் காட்டல. பிளாஸ்டிக்ல சுத்தி எடுத்துப் போய்ட்டாங்க.”

லியாகத் அலி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பாவும் தோல் தரம் பிரித்தவர்தான். மகனின் கட்டைவிரலைப் பிடித்துத் தொழில் சொல்லிக்கொடுத்தவர். அவருக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்த அன்று கன்டெய்னர் துறைமுகத்துக்குப் போக வேண்டியிருந்தது. லீவு கேட்டதற்கு மேனேஜர், ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுத்த மாதிரி என்றார். சாயங்காலம் இவர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மேனேஜரின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டிய மனிதர், அந்த வாக்கியத்தையே தன்னுடையதாக்கிக்கொண்டு காலம் தள்ளிவிட்டார். இதைச் சொல்கிற எனக்கு அதுதான் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை அனுமதி கொடுத்தார். சனிக்கிழமை காலை ஆறு வீட்டிலும் அப்பாக்கள் இருந்தார்கள். வாடகைப் பத்திரத்தில் யார் கையெழுத்தோ அவருடைய அப்பா. ஐந்தாம் வீட்டில் சம்பத் சுவரோரம் படுத்திருந்தார். மூன்றாம் வீட்டில் நயீமின் அப்பா, கடிகாரம் நாலு நிமிடம் பின்னால் ஓடுகிறது என்று குறை சொன்னார். நவீன்குமாருக்கு இரண்டு வயதாக இருந்தபோது இறந்துபோன அப்பா மகனைவிடச் சின்னவராக வந்ததால், ஒருவரையொருவர் ‘வாங்க, போங்க’ என்றே பேசிக்கொண்டார்கள். தண்ணீர்த் தொட்டி ஏழு மணிக்கே காலியானது.

லியாகத் அலி வீட்டுக்கு யாரும் வரவில்லை. அவர் நான்கு நாள் முன்னறையைத் தானே கூட்டினார், இரண்டு டீ போட்டு ஒன்றைக் கீழே கொட்டினார். ஐந்தாம் நாள் செருப்பை வழியில் விட்டவர்கள், குழாயைச் சரியாக மூடாதவர்கள் எல்லாரையும் கண்டபடி கத்தினார். கத்தி முடித்ததும் கறுப்புப் பெயின்ட் டப்பாவோடு கேட்டுக்குப் போய், ஒன்பதாவது வரியை அழித்தார்.

மறுநாள் காலை எழுந்தபோது முன்னறைச் சுவரில், ஐந்தடி உயரத்தில், ஒரு ஆணி இருந்தது. அதன் கீழே காதில் கறுப்பு மச்சத்தோடு பூனை. ஆணியில் ஒரு வெள்ளைத் தொப்பி மாட்டியிருந்தது. விளிம்பெல்லாம் தோல் உப்பின் வாடை.

“லியாகத், குழாய்ல தண்ணி வரல. மோட்டார் போடு” என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

மணி ஆறே கால். லியாகத் அலி போய் மோட்டாரைப் போட்டார்.