கவிழ்த்து வைத்த ரொட்டி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், பிரெஞ்சுக் குடியரசின் பாதுகாப்பு அதன் அணுகுண்டுகளை நம்பியோ, படைகளை நம்பியோ, மாளிகையில் வீற்றிருந்த பெரியவர்களை நம்பியோ நிற்கவில்லை. பெசான்சோன் நகரத்தில், ஆற்றங்கரைச் சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில், வயிறு மேலே தெரியக் கிடந்த ஒரு சின்ன ரொட்டியை நம்பி நின்றது. சரித்திரப் புத்தகங்கள் இதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன. சரித்திரத்துக்கு அந்த வாரம் வேறு வேலை இருந்திருக்கும்.

ரொட்டியை அப்படி வைத்தவர் அன்செல்ம் பர்தேல். ஐம்பதை எட்டிப் பிடிக்கும் வயது. பெரிய தெருவில் மூக்குக் கண்ணாடிக் கடை. மதியம் கடைவீதி முழுவதும் சாத்திக்கொள்ளும்போது அவரும் சாத்திக்கொண்டு ஒதிலின் சாப்பாட்டுக் கடைக்கு வருவார். கரும்பலகையில் என்ன எழுதியிருக்கிறதோ அதைத் தின்பார். ஒதில் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள், பக்கத்தில் ஆளுக்கொரு ரொட்டி வைப்பாள். அவள் முதுகு திரும்பியதும் அன்செல்ம் தம்முடைய ரொட்டியைக் கவிழ்த்து வைப்பார்.

ரொட்டியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது என்பது அந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். முற்காலத்தில் ரொட்டிக்கடைக்காரன், அரசாங்கத்துக்காகத் தலை வெட்டுகிறவனுடைய ரொட்டியை மட்டும் தனியாகக் கவிழ்த்து வைப்பானாம். அதை வேறு யாரும் தொட மாட்டார்களாம். அன்றிலிருந்து, கவிழ்ந்த ரொட்டி வீட்டுக்கு ஆகாது. சாமியும் இல்லை பூதமும் இல்லை என்று மேடையில் முழங்குகிற பள்ளிக்கூட வாத்தியார்கூட, சாப்பாட்டு மேசையில் அப்படியொன்று கண்ணில் பட்டால், பேச்சை நிறுத்தாமலே கையை நீட்டி அதை நேராக்கிவிட்டுத்தான் மேற்கொண்டு முழங்குவார்.

பர்தேல் குடும்பத்துக்கு மட்டும் கவிழ்ந்த ரொட்டிதான் ரொட்டி. கொள்ளுத்தாத்தா யூஸ்தாஷ் பர்தேல் தலை வெட்டியவர். அன்செல்முக்குப் பன்னிரண்டு வயதானபோது அப்பா அறைக்கதவைச் சாத்திக்கொண்டு இதைச் சொன்னார். "வெளியில யார்கிட்டயும் சொல்லாதே. ஆனா மேசையில பொய் சொல்லாதே." இந்த ஒரு வாக்கியத்தை ஒரு கல்லைச் சுமப்பது போல அன்செல்ம் சுமந்து வந்தார். ரொட்டியை நேராக வைத்துச் சாப்பிடப் பலமுறை முயன்றிருக்கிறார். தொண்டைக்குள் இறங்காது.

இதில் அடிபட்டது ஒதில் விஷயம். ஒதில் விதவை, பெரிய குரல், பெரிய சிரிப்பு, கடையில் பாதிப் பேர் அவள் திட்டுவதைக் கேட்கத்தான் வருவார்கள். அவளை மணந்துகொள்ளக் கேட்க வேண்டும் என்று ஆறு வருஷமாக அன்செல்ம் நாக்கின் நுனியில் ஒரு வாக்கியம் வைத்திருந்தார். தினமும் அதைக் கொண்டுவருவார், பாலாடைக்கட்டியோடு சேர்த்து விழுங்கிவிட்டுப் போவார். காரணம் அந்த ரொட்டி. கடையில் யார் ரொட்டி தவறிக் கவிழ்ந்தாலும், கையில் நான்கு தட்டு இருந்தாலும், ஒதில் போகிற போக்கில் அதைத் திருப்பி வைத்துவிடுவாள். அவருடையதை மட்டும் தொட மாட்டாள். அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் அருவருத்து ஒதுங்குகிறாள் என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

இனி கர்னல் த மோன்ரெவெலைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் எல்லை விழிப்புத் துறையின் வட்டாரத் தலைவர். துறையின் அலுவலகம் ஒரு பல் வைத்தியர் வீட்டு மாடியில் இருந்தது. கர்னலுக்குப் பத்தடிக்கு அப்பால் மனிதனும் மரமும் ஒன்றுதான். ஆனால் சிலுவைப் போருக்குப் போன வம்சத்தில் பிறந்தவன் மூக்கில் கண்ணாடி ஏறுவதாவது! ஆகவே அவர் உலகத்தை உத்தேசமாகப் பார்த்து, உறுதியாகப் பேசி வந்தார்.

இரும்புத் திரைக்கு அப்பாலிருந்து ஓர் ஆள் சில ரகசிய வரைபடங்களோடு வந்து சேர்வதாக ஏற்பாடு. அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஒதிலின் கடைக்கு மதியம் வருவான், அடையாளமாக ரொட்டியைக் கவிழ்த்து வைப்பான். இந்த அடையாளத்தைக் கண்டுபிடித்தவர் கர்னலேதான்.

"செத்தாலும் எந்தப் பிரெஞ்சுக்காரனும் இப்படி வைக்க மாட்டான். அதுதான் தியெபோ, இதோட அழகு," என்றாராம் தம் உதவியாளனிடம்.

"அழகுதான், கர்னல் ஐயா. ஆனா..."

"ஆனான்னு ஆரம்பிச்சு பிரான்ஸ் ஒரு யுத்தத்துலயும் ஜெயிச்சதில்ல. போ, போய் உட்காரு. அவசரப்பட்டுப் பேசிடாதே. உண்மையான ஆளா, வலை விரிக்க வந்தவனான்னு முதல்ல பாரு."

தியெபோ போய் உட்கார்ந்தான். முதல் நாளே மூலை மேசையில் ரொட்டி கவிழ்ந்தது. அதற்குப் பிறகு, உலகத்தில் வேறு மேசைகளும் உண்டு என்பதையே மறந்து அதைப் பார்க்க ஆரம்பித்தான்.

ஒரு மனிதனைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தால் அவன் மூக்குச் சிந்துவதில்கூட ஆழம் தெரியும். அன்செல்ம் குடையை இடக்கையில் பிடித்தால் அது செய்தி. வலக்கைக்கு மாற்றினால் பதில். அவர் கடைச் சுவரில் தொங்கிய, பெரிதிலிருந்து சிறிதாக இறங்கும் எழுத்துகள் கொண்ட அட்டையைத் தியெபோ படம் பிடித்து அனுப்ப, பாரிஸிலிருந்த சங்கேத நிபுணர்கள் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, இதுபோல உயர்ந்த ரகத்தைத் தாங்கள் கண்டதில்லை என்று பதில் அனுப்பினார்கள்.

அந்தப் படத்தைப் பிடிப்பதற்காகத்தான் தியெபோ கண் பரிசோதனைக்கு வந்தான். அட்டையின் அடியில் அச்சகத்தின் பெயர் வரைக்கும் வாசித்தான்.

"உங்களுக்குக் கண்ணாடி தேவையில்ல," என்றார் அன்செல்ம்.

"நிச்சயமாவா? இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்."

"உங்க கண்ணை வச்சுக்கிட்டுக் கண்ணாடி கேட்டா, கழுகெல்லாம் வரிசையில வந்து நிக்கும்."

மறுநாள் அதே கழுகுக்கண்காரனை ஒதிலின் கடையில் பார்த்தார். அடுத்த நாள் பாலத்தின் மேல். அதற்கடுத்த நாள் தேவாலயத்தில், பிரார்த்தனைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு. இவன் யார் என்று அன்செல்ம் கணக்குப் போட்டார். அந்த வருஷம் மரண தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று நாடே இரண்டுபட்டுக் கிடந்தது. எவனோ பத்திரிகைக்காரன் தலைவெட்டிகளின் வாரிசுகளைத் தேடிக் கிளம்பியிருக்கிறான், தம்மைக் கண்டுபிடித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படத்தோடு வரும். ஒதில் அதில்தான் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிப் போடுவாள்.

பத்திரிகை சொல்வதற்கு முன் நாமே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். வியாழக்கிழமை நல்ல டை ஒன்றைக் கட்டிக்கொண்டு போனார். கூட்டம் கலையும்வரை காப்பியை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தார்.

"மதாம் ஒதில்," என்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. காப்பி ஆறிப்போச்சா?"

"இல்ல. இது வந்து, ரொம்ப நாளா..."

அதற்குள் இரண்டு பக்கத்திலும் இரண்டு கைகள் அவரை அக்குளில் பிடித்துத் தூக்கின. ஒரு கை தியெபோவுடையது; ஆள் வலை விரிக்க வந்தவன்தான் என்று தீர்மானித்துக் கர்னல் உத்தரவு போட்டிருந்தார். "கூட வாங்க. சத்தம் வேணாம்." ஆறு வருஷத்து வாக்கியம் மறுபடியும் உள்ளேயே போயிற்று.

பல் வைத்தியர் வீட்டு மாடியில், கீழிருந்து யாரோ அலறும் சத்தத்தின் நடுவே, விசாரணை தொடங்கியது.

"எங்களுக்கு எல்லாம் தெரியும்," என்றார் கர்னல்.

அன்செல்ம் தலை குனிந்தார். "எதுல தெரிஞ்சுது?"

"ரொட்டி."

"நினைச்சேன்."

கர்னல் வெற்றிப் பெருமிதத்தோடு தியெபோவைத் திரும்பிப் பார்த்தார். உண்மையில் அவர் பார்த்தது கோட்டு மாட்டுகிற ஸ்டாண்டை. "யாருக்காகச் செய்றீர்?"

"யாருக்காகவும் இல்லீங்க. பரம்பரையா வர்றது. எங்க அப்பாவும் அப்படித்தான்."

"அப்பனுமா! எழுது தியெபோ, எழுது!"

"அவருக்கு முன்னால தாத்தா. கொள்ளுத்தாத்தா காலத்துல ஆரம்பிச்சது. அவருக்கு அரசாங்கச் சம்பளம்."

"எந்த அரசாங்கம்?"

"நம்ம அரசாங்கம்தான்."

கர்னல் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். குடியரசின் மடியிலேயே நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் துரோகம்! மேல் பதவியும் பதக்கமும் அவர் கண்ணெதிரே, பத்தடிக்கு உள்ளேயே, தெளிவாகத் தெரிந்தன. "என்ன வேலை பார்த்தான் உம்ம கொள்ளுத்தாத்தன்?"

அன்செல்ம் கண்களை மூடிக்கொண்டு சொன்னார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாய் திறந்து: "தலை வெட்டினாரு."

கீழே அலறிய பல் நோயாளிகூடச் சற்று ஓய்ந்தான். தியெபோ மட்டும் தொண்டையைச் செருமினான்.

"கர்னல் ஐயா, மன்னிக்கணும். இவரோட அத்தையை விசாரிக்க போன்தார்லியேவுக்குப் போனேனே..."

"ஆமா, அறிக்கை எங்கே?"

"எழுத விடல, ஐயா. உருளைக்கிழங்கு உரிக்க விட்டுட்டாங்க." தியெபோ அன்செல்ம் பக்கம் திரும்பினான். அவன் குரலில் கொஞ்சம் பரிதாபம் இருந்தது. "மிசியே பர்தேல், யூஸ்தாஷ் ஒரு தலையும் வெட்டல. வெட்டுறவரோட வண்டிக் குதிரைக்குத் தீனி வச்சவரு. காலையில கடைக்குப் போய் எஜமானோட ரொட்டியை வாங்கிட்டு வர்றதும் அவர்தான். அக்கம்பக்கத்துல நாலு பேர் பயப்படட்டுமேன்னு வீட்டுலயும் ரொட்டியைக் கவிழ்த்து வச்சு, நான்தான் வெட்டுறேன்னு சொல்லிக்கிட்டாராம். இதைச் சொல்லிட்டு உங்க அத்தை சிரிச்ச சிரிப்புல பல்செட்டு கழண்டு தட்டுல விழுந்துடுச்சு."

அன்செல்முக்கு மனம் லேசாகியிருக்க வேண்டும், நியாயப்படி அப்படித்தான். ஆனால் நெடுநாள் வலித்த பல்லைப் பிடுங்கிய இடத்தில் நாக்கு போய்ப் போய்த் துழாவுகிற மாதிரி, மனசு அந்தப் பள்ளத்தைத் துழாவிற்று. இத்தனை வருஷம் அவர் தம்மை மற்றவர்களைப் போல ஒரு கண்ணாடிக் கடைக்காரராக மட்டும் நினைத்ததில்லை. எதிரே உட்கார்ந்து எழுத்து வாசிக்கிறவனின் தாடையைப் பிடித்து நிமிர்த்தும்போதெல்லாம், இந்தக் கையில் ஓடுவது யாருடைய ரத்தம் என்று உனக்குத் தெரியுமா என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். அதை அவர் வெட்கம் என்றுதான் எண்ணியிருந்தார். இப்போது பார்த்தால் அதில் பாதிக்கு மேல் பெருமை. அந்தப் பெருமைக்காகத்தான் ஒரு பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஆறு வருஷம் சும்மா இருந்திருக்கிறார். குதிரைத் தீனிக்காரனின் கொள்ளுப்பேரனாக இருந்திருந்தால் முதல் வாரமே கேட்டிருப்பார்.

எதிரே கர்னல் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் பதக்கமும் அதே குதிரையின் வாய்க்குள் போய்விட்டது. அன்செல்முக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஒரே வண்டியில் குடை சாய்ந்தவர்கள்மேல் என்ன கோபம்?

"எல்லாத்தையும் கெடுத்துட்டீரே!" என்று கர்னல் வெடித்தார். "எந்தப் பிரெஞ்சுக்காரனும் வைக்க மாட்டான்னுதானய்யா அந்த அடையாளத்தை வச்சேன்! அங்கேயிருந்து வர்றவன் வைக்கணும், நாங்க கண்டுபிடிக்கணும். நடுவுல நீர் வந்து தினம் கவிழ்த்தா? அவன் உம்மைப் பார்த்துட்டு கடைக்குள்ளயே வராமப் போயிருப்பான். போம்! இங்கே எதுவும் நடக்கல, புரியுதா?"

"புரியுது." அன்செல்ம் வாசல்வரை போய் நின்றார். "கர்னல் ஐயா, ஒரு நாள் கடைக்கு வாங்க. இவ்வளவு நேரம் நீங்க எழுது எழுதுன்னு சொன்னது அந்தக் கோட்டு ஸ்டாண்டை."

ஒதிலின் கடையில் ஆள் இல்லை. அவள் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்தாச்சா? யாரு அந்தத் தடியனுங்க? காப்பியைக் கொட்டி, நாற்காலியை ஒடிச்சு, ஒரு மன்னிப்புகூடக் கிடையாது. போலீசா?"

"அதைவிடக் கொஞ்சம் கம்மி."

மூலை மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அப்பா சாத்திய கதவு, கொள்ளுத்தாத்தா, கர்னல், குதிரை, அத்தையின் பல்செட்டு. அவள் அவருக்கு ஒரு தட்டில் மிச்சமிருந்த பருப்பும் புகையூட்டிய சாசேஜும் வைத்தாள். பக்கத்தில் ஒரு ரொட்டி. அன்செல்மின் கை பழக்கத்தில் அதை நோக்கிப் போயிற்று, பாதியில் நின்றது. பிறகு மடிக்குத் திரும்பியது.

"ஒண்ணு கேக்கணும். எல்லாரோட ரொட்டியையும் திருப்பறீங்க. என்னோடதை மட்டும் ஏன் தொடல?"

"முதல் வாரம் திருப்பினேனே, மறந்துட்டீங்களா? ஒவ்வொரு தடவையும் அடிபட்ட நாய்க்குட்டி மாதிரி ஒரு பார்வை பார்த்தீங்க. சரி, இந்த மனுஷனுக்கு உள்ளே என்னமோ இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னு விட்டேன்." ஒதில் துணியை உதறினாள். "இந்தக் கடையில வேற எவனுக்கும் அந்தச் சலுகை கிடையாது. செத்துப்போன என் புருஷனுக்கே நான் குடுக்கல. ஏன்னு கேக்கறாரு, ஏன்னு!"

அன்செல்ம் வாக்கியத்தைச் சொன்னார். ஆறு வருஷமாக வைத்திருந்ததில் பாதி வார்த்தைகள் கெட்டுப்போயிருந்தன; மிச்சத்தை வைத்து ஒப்பேற்றினார்.

ஒதில் எதிரே இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். "ஞாயித்துக்கிழமை கடை கிடையாது. சாப்பிட வாங்க, பேசலாம். இந்த டை மட்டும் வேணாம். அதைப் பார்த்தா உங்க கர்னலே பரவாயில்லன்னு தோணுது."

அவர் சிரித்துக்கொண்டே ரொட்டியைப் பிய்த்தார். நேராக இருந்த ரொட்டி. இறங்கிற்று.

"அது சரி," என்றாள் ஒதில். "உங்களுக்குப் பக்கத்து மேசையில ஒருத்தன் உட்காருவானே, சாம்பல் தொப்பி, பேச்சுல ஏதோ தூரதேசத்து வாடை? அவனும் உங்க குதிரைக்காரர் வம்சம்தானோ? ரெண்டு வாரமா தினம் வந்து ரொட்டியைக் கவிழ்த்து வைப்பான். நான் திருப்பி வைப்பேன். மறுபடி கவிழ்ப்பான், மறுபடி திருப்புவேன். போற வர்றவனுக்கெல்லாம் சலுகையா குடுக்க முடியும்? இன்னிக்கு நீங்க போன பிறகு, மடியில வச்சிருந்த தோல்பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, அழாத குறையா எழுந்து போனான். ஊருக்கு ரயில் பிடிக்கணும்னான்."

அன்செல்ம் மெல்லுவதை நிறுத்தினார். கல்லாவின் மேலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, ஆற்றுக்கு அந்தப்புறம், ரயில் நிலையத்துக்குப் போகிற சாலையைப் பார்த்தார்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல. இன்னும் கொஞ்சம் பருப்பு இருக்கா?"

ரயில் நேரத்துக்குக் கிளம்பியது. பிரான்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.