சம்மந்தியம்மாளின் பார்லி தண்ணி

வில்லியனூர் பக்கம் எங்கள் தெருவில் ரோசம்மாள் என்று ஒருத்தி இருக்கிறாள், கண்ணுங்களா. நல்லவள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவள். அதனால்தான் சொன்ன ஒரே பொய்யில் வசமாக மாட்டிக்கொண்டாள்.

அவள் பெண் மரிய சுகந்திக்கு பாகூரில் மாப்பிள்ளை. சகாய சுரேஷ் என்று பெயர். இரண்டு பேருக்கும் முன்பே பழக்கம். பையனின் அம்மா இன்பமேரி போனில், "பொண்ணு இன்னா வேலை செய்யுது?" என்று கேட்டாள். சுகந்திக்கு பாண்டிச்சேரி டவுனில் ஒரு பப்பில் வேலை. பரிமாறுகிற வேலை இல்லை, அங்கேயே பீர் காய்ச்சுகிற வேலை. அதைச் சொல்ல ரோசம்மாளுக்கு நாக்கு எழவில்லை.

"பார்லி தண்ணி காய்ச்சற கம்பெனி, சம்மந்திம்மா" என்று சொல்லிவிட்டாள்.

இன்பமேரிக்குக் கால் வீக்கம். பார்லி தண்ணி குடித்தால் நீர் இறங்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். "மாதாவா பார்த்து அனுப்பின மருமவ" என்று பாகூர் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

கோயிலில் ஓலை வாசிக்கிற நாள் நெருங்கியது. இந்தக் கலியாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் மூன்று ஞாயிறு கேட்பாரே, அந்த ஓலை. சுகந்தி அம்மாவிடம் உட்கார்ந்து பேசினாள்.

"தடை இருந்தா இப்பவே தெரிஞ்சிரட்டும்மா. ஓலை படிச்சப்புறம் தெரிஞ்சா ரெண்டு வூட்டுக்கும் அசிங்கம். வேலையை விட மாட்டேன். அவரையும் விட மனசு வராது. அவங்களே வந்து பார்த்துட்டுச் சொல்லட்டும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதியச் சாப்பாட்டுக்குத் தான் வேலை செய்கிற இடத்துக்கே சம்மந்தி வீட்டாரை அவளே கூப்பிட்டாள். சுரேஷ் டூட்டி இருக்கிறது என்று தப்பித்துக்கொண்டான். ரோசம்மாள் என்னைக் கூட இழுத்துப் போனாள், கையைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

கடலுக்குப் பக்கத்துத் தெரு, மஞ்சள் சுவர். உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆள் உயரத்துக்குப் பளபளவென்று அண்டாக்கள். இன்பமேரி கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "எம்மாஞ் சுத்தமா வச்சிருக்காங்க பாரு."

அவள் வீட்டுக்காரர் அல்போன்ஸ் அண்டாவைப் பார்க்கவில்லை. பக்கத்து மேசைக் கிளாசுகளைப் பார்த்தார். சனிக்கிழமை தவறாமல் குடிக்கிற மனுசன், அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கம்மா பார்லி தண்ணி?" என்றாள் இன்பமேரி.

சுகந்தி செம்பழுப்பாக ஒரு கிளாஸ் கொண்டுவந்து வைத்தாள். "இதுதான் அத்தை நான் காய்ச்சறது. ஏல்னு பேரு. பீர்ல ஒரு வகை."

ரோசம்மாள் நகம் என் கையில் பதிந்தது.

"ஏலமா? மீன் ஏலம்தான் கேட்டிருக்கேன்" என்று அல்போன்ஸ் கிளாசைத் தன் பக்கம் நகர்த்தினார். ஒரு வாய் குடித்தார். "ஜில்லுனே இல்லியே."

"ரொம்ப ஜில்லுனு இருந்தா ருசி தெரியாது மாமா."

"கசாயம் மாரி இருக்கு." இன்னொரு வாய். "நல்ல கசாயம்." மூன்றாவது வாய்க்கு முன் இன்பமேரி கிளாசை எடுத்து மேசையின் அந்தக் கோடியில் வைத்தாள்.

பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வந்தன. யாரும் தொடவில்லை.

"சுரேஷுக்குத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அதான் டூட்டி." இன்பமேரி ரோசம்மாளைப் பார்த்தாள். "பார்லி தண்ணின்னீங்க."

"நான்தான் பொய் சொன்னேன் சம்மந்திம்மா. அவ மேல தப்பில்ல." ரோசம்மாள் ஒப்புக்கொண்டுவிட்டாள்.

சுகந்தி எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். அவளோ ஒரு சில்வர் டம்ளரில் ஆவி பறக்க எதையோ கொண்டுவந்தாள்.

"இன்னைக்குக் காய்ச்சறது, அத்தை. முளைகட்டிக் காயவச்ச பார்லியை வென்னீர்ல ஊறவச்சி வடிச்சது. கசப்பு போடல, ஈஸ்ட்டும் போடல. துளி போதை கெடையாது. இங்கதான் என் வேலை ஆரம்பிக்குது."

இன்பமேரி மோந்து பார்த்தாள். ஊதி ஊதி ஒரு மடக்கு குடித்தாள். "பால் ஊத்தாத ஹார்லிக்ஸ் மாரி இருக்கு. அப்புறம் இன்னா பண்ணுவ?"

"கசப்புக்குப் பூ போட்டுக் கொதிக்க வச்சி, ஆறினதும் ஈஸ்ட் போட்டுப் பொங்க விடுவேன். இட்லி மாவு பொங்குதில்ல, அந்த மாரி."

இன்பமேரி டம்ளரைக் காலி செய்து வைத்தாள். பிறகு ரோசம்மாள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பொய் சொல்லல சம்மந்திம்மா. பாதியில நிறுத்திட்டீங்க."

புருசனை ஒரு பார்வை பார்த்தாள். "குடிக்கிறவரையே இத்தினி வருசமா வூட்டுல வச்சிருக்கேன். காய்ச்சறவ வந்தா இன்னா? ஆனா ஒண்ணு, சுகந்தி. வூட்டுக்கு வரும்போது எனக்கு இந்தப் பாதித் தண்ணி. இவருக்கு ஒண்ணும் கெடையாது."

"நான் இன்னாடி பண்ணேன்?" என்றார் அல்போன்ஸ்.

இன்பமேரி மீன் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "மசாலாவே இல்ல. மீனு புதுசு" என்று சாப்பிட்டாள். அப்போதுதான் ரோசம்மாள் என் கையை விட்டாள்.

அதைக் குடித்துக் கால் வீக்கம் வடிந்ததா என்று கேட்காதீர்கள், கண்ணுங்களா. டாக்டரைப் பார்க்கச் சொல்லி சுகந்திதான் பிறகு கூட்டிப் போனாள்.

அடுத்த ஞாயிறு ஓலை வாசித்தார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் உண்டா என்று ஃபாதர் கேட்டு நிறுத்தினார். ஆண்கள் பக்கத்தில் அல்போன்ஸ் தொண்டையைக் கனைத்தார். இன்பமேரி முக்காட்டை விலக்கித் திரும்பிப் பார்த்தாள்.

வந்த இருமலை அவர் அப்படியே விழுங்கிக்கொண்டார்.