குறை பார்க்கும் வேலை

அம்மாவின் படுக்கை விரிப்பை அவள் அலசிப் பிழிந்துகொண்டிருந்தபோது அண்ணி குளியலறைக் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

சோப்பு நுரை சொட்டச் சொட்ட அறைக்கு ஓடினாள். அம்மாவின் முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். அடுப்படிக்குப் போய்விட்டு வருவதற்குள் இப்படி ஆகிவிட்டது என்று அண்ணி முணுமுணுத்தாள்.

அழுகைக்கு முன்னால் அவளுக்குள்ளேயிருந்து அந்தக் குரல் வந்துவிட்டது. ‘இத்தனை மாசம் காவல் காத்துட்டு, கடைசி நிமிஷத்துல கோட்டை விட்டுட்டியே. நீயெல்லாம் ஒரு பொண்ணா?’

அம்மாவின் அதே இழுவை.

அம்மா சட்டைத் தொழிற்சாலையில் செக்கராக இருந்தவள். தைத்து வரும் சட்டைகளை விளக்கின் கீழே விரித்துக் குறை பார்ப்பதுதான் வேலை. பிசகின தையல், விட்டுப்போன பொத்தான் காஜா, எண்ணெய்க் கறை. கண்ட இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். சரியாக இருக்கும் சட்டைக்கு ஒட்ட அங்கே ஸ்டிக்கர் கிடையாது. வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. மகள் பெருக்கினால் மூலையில் தூசி, தலை வாரினால் வகிடு கோணல். மகள் வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அம்மா சொல்ல வேண்டியிருக்கவே இல்லை; அவளே தன்னைக் குறை சொல்லிக்கொண்டாள். மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று வாங்கினவர் பின்னாலேயே தெருமுனைவரை ஓடியிருக்கிறாள். ஒரு தடவைகூட மாறியிருந்ததில்லை. அதற்காகக் குரல் அவளை விட்டுவைத்ததும் இல்லை.

நேற்று சாயங்காலம் ஸ்பூனில் பால் புகட்டும்போது பாதி கழுத்தில் வழிந்துவிட்டது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “சனியனே, ஒரு வாய் பால் ஒழுங்கா முழுங்கத் துப்பில்ல. யாருக்கு என்ன பிரயோஜனம் உன்னால?”

“தெரியாம சிந்திடுச்சும்மா. மன்னிச்சுக்கோ.”

“உன்னை யாருடி சொன்னா? என்னைச் சொல்லிக்கிறேன்.”

அவள் ஸ்பூனைக் கிண்ணத்தில் வைத்தாள். அடுப்பு முன்னால் நிற்கும் அம்மாவின் உதடுகள் சத்தமில்லாமல் அசைவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். தன்னைத்தான் அம்மா திட்டுகிறாள் என்று நினைத்து அடுத்த அறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

“எப்பவுமே இப்படித்தான் சொல்லிக்குவியாம்மா?”

“சொல்லாம? விட்டா ஏறி உக்காந்துக்கும்.”

எது ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று அம்மா சொல்லவில்லை. அவள் ஈரத்துணியால் அம்மாவின் கழுத்தைத் துடைத்தாள். “பால்தானேம்மா. தொடைச்சாப் போச்சு” என்றாள். கடைக்கு வரும் முன்பின் தெரியாத கிழவர்களிடம் இப்படிப் பேசுவாள். அம்மாவிடம் பேசியதில்லை. தன்னிடமும்தான். அம்மா கழுத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தாள். அதுவே கடைசிப் பேச்சாகிவிட்டது.

இப்போது அம்மாவின் தாடையைத் தாங்கி வாயை மூடிவிட்டாள். அந்த வாய் இனித் திறக்காது. ஆனாலும் குரல் நிற்கவில்லை. ‘பாவி, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தக்கூட இல்லாம போய்ட்டியே.’

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். ‘நான் என்ன ஊர் சுத்தவா போனேன்?’ என்று உள்ளுக்குள் கேட்டாள். கேட்டதும் பயமாக இருந்தது. பதிலுக்குப் பதில் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘அம்மாவுக்கு ஈரம் ஆகாது. மாத்து விரிப்பு வேணும். அதான் போனேன்’ என்று சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான் அழுகை வந்தது.

வேலையிலிருந்து ஓடிவந்த அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டான்: “கடைசில யாரு பக்கத்துல இருந்தா?”

‘என் தப்புதாண்ணே’ என்பது நாக்கு நுனிவரை வந்தது.

“யாரும் இல்லண்ணே. அண்ணி அடுப்படில இருந்தாங்க. நான் துவைச்சிட்டிருந்தேன்.”

அவள் இன்னும் ஏதோ சொல்வாள் என்பதுபோல அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். எது நடந்தாலும் அவள் மன்னிப்புக் கேட்டே பழகின வீடு அது. அவள் வேறொன்றும் சொல்லவில்லை. அண்ணன் குனிந்து செருப்பைக் கழற்றினான்.

குரல் போய்விடவில்லை. ‘கல்லு மாதிரி நிக்கிறா பாரு’ என்றது. அது சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் அம்மாவின் தலையைச் சீவிவிட்டாள்.

இருட்டுவதற்குள் உடலை எடுத்துப்போக வண்டி வந்தது. வீடு மாடியில்; அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. படிக்கட்டின் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் சிக்கிக்கொண்டது. தலைமாட்டைப் பிடித்திருந்தவள் அவள்தான். சுவரில் உரசி அவளுடைய விரல் முட்டி தோலுரிந்தது.

“கைய மாத்திக்கட்டுமா?” என்று கீழிருந்து அண்ணன் கேட்டான்.

“வேணாம். மெதுவா வருவோம். ஒண்ணும் அவசரமில்ல.”

கீழ்வீட்டுக்காரர் வெளியே வந்து, படியோரம் நிறுத்தியிருந்த சைக்கிளைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, வழிவிட்டுக் கதவோடு ஒட்டி நின்றார்.