பை கழற்றாமல் நட்ட மரங்கள்

தெல்தெனியவுக்கு மேலே, மானாப்புல் மூடிய மலைச்சரிவில் இரண்டு பஸ்கள் வந்து நின்றதுமே மூக்காயிக்கு வாய் கசந்தது. வருஷா வருஷம் கார்த்திகை மழைக்கு மரம் நட என்று இந்த மன்றத்துக் கூட்டம் கண்டியிலிருந்து வரும். எல்லோருக்கும் ஒரே பச்சை டீசேட். இறங்கியதும் செல்பி. மண்வெட்டியை அகப்பை மாதிரிப் பிடிக்கிற இவர்களுக்காகத்தான் அவள் எட்டு மாதமாக, தான் வேலை பார்க்கும் வனச் சரணாலயத்து நாற்றுமேடையில் மருதையும் நாவலையும் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாள்.

மன்றத்துத் தலைவர் இப்திகார் மைக்கைப் பிடித்தார். இரண்டாவது பஸ்ஸில் வந்திருந்த அலவத்துகொடப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அதுதான் சுற்றாடல் பாடம்.

“இந்த மலை ஏன் மொட்டையாப் போன என்டு தெரியுமா? தோட்டத்து ஆக்கள் விறகு வெட்டித்தான். அவங்களுக்கு மரத்துட அருமை வெளங்காது. நாங்கதான் படிச்சிக் குடுக்கணும்.”

தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்த மூக்காயி, கன்றுத் தட்டோடு அவருக்குப் பின்னால்தான் நின்றாள். அருமை தெரிந்த இந்த மனுஷன், போன வருஷம் நட்டதை ஒருநாளாவது வந்து பார்த்ததுண்டா? தட்டைக் கீழே வைத்தாள். போன வருஷத்து வரிசைக்குப் போய்க் காய்ந்த குச்சி ஒன்றைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் வந்தது. அடியில் கறுப்புப் பொலித்தீன் பை அப்படியே இருந்தது. உள்ளே வேர் சுருண்டு செத்திருந்தது.

அதைக் கொண்டுவந்து அவர் முன்னாலிருந்த வெள்ளைத் துணி விரித்த மேசையில் போட்டாள்.

“பையக்கூட கழட்டாம நட்டிருக்கீங்க சேர். இதையும் நாங்கதான் வெட்டுனோமா?”

இப்திகார் சிரிக்கப் பார்த்தார். “சின்னப் பிழைதானே. ஒன்டு ரெண்டு அப்படி...”

“ஒண்ணு ரெண்டா? புள்ளைகளா, போய் இழுத்துப் பாருங்க.”

பிள்ளைகள் புல்லுக்குள் ஓடினார்கள். கறுப்புப் பைகள் மேசையில் குவிந்தன. மன்றத்தார் பேனரைச் சுருட்டிக்கொண்டு, நீர்த்தேக்கம் தெரிகிற பக்கமாக நகர்ந்து, ஆளுக்கொரு கன்றைக் கையில் பிடித்துப் படமெடுத்தார்கள். சோற்றுப் பார்சலைத் தின்றார்கள். நாலு துளி விழுந்ததும் கன்றுகளைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

பள்ளிக்கூட பஸ் மட்டும் நின்றது. ஜஹானா டீச்சர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வந்தார்.

“அக்கா, எப்பிடி நடுற என்டு காட்டித் தாங்க. எனக்கும் தெரியா.”

மூக்காயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். இதுவும் ஒருநாள் கூத்துத்தான்.

“மொதல்ல புல்ல வேரோட புடுங்குங்க. அப்புறம் பேசலாம்.”

மழையிலேயே நாலு மணி வரை நட்டார்கள். டீச்சர் நட்டதில் மூன்று சரிந்து நின்றன. மூக்காயி தயவில்லாமல் பிடுங்கி, திரும்ப நடவைத்தாள்.

அடுத்த வாரம் பேஸ்புக்கில் மன்றம் ஐந்நூறு மரம் நட்டதாகப் படம் வந்தது. “ஒன் வாயாலதான் அவங்க இனி வர மாட்டாங்களாம்” என்று சரணாலய அதிகாரி கத்தினார்.

“வராட்டி மலைக்கு நல்லது சேர்” என்றாள்.

தை பிறந்தது. காட்டுத்தீ காலத்துக்கு முன்னால் கன்றுகளைச் சுற்றிப் புல் வெட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை, யாரும் கூப்பிடாமலே, ஜஹானா டீச்சர் பிள்ளைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அவர்கள் நட்டதில் பாதிக்கு மேல் தளிர் விட்டிருந்தது. மூக்காயிக்கு ஆச்சரியம்தான். அதை முகத்தில் காட்டவில்லை.

“வெயில் ஏறிருச்சு. நேரத்தோட வர்றதுக்கு என்ன?” என்றபடி புல்வெட்டும் கத்தியை நீட்டினாள்.