தங்கை பார்க்காத முகம்

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தலை முழுக்க நரைத்த எலும்பு டாக்டர்கூட, கொஞ்சமும் கூச்சமில்லாமல், "அக்கா, இந்தக் கையை ஒரு படம் எடுத்துடுங்க" என்பார். படம் எடுப்பது என்றால் அவளுக்கு அதுதான். விலா, மணிக்கட்டு, முட்டி. முகத்தைப் படம் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கல்யாண வீட்டில் யாராவது கேமராவும் கையுமாக வந்தால், முதலில் காணாமல் போகிற ஆள் அவள்தான்.

நாளெல்லாம் அவள் வாயில் ஒரே பாட்டு. ஆளை நிறுத்தி, தோளைத் திருப்பி, மோவாயைத் தூக்கிவிட்டு, தடுப்புக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." பொத்தானை அமுக்குவாள். "ம், இப்ப மூச்சு விடுங்க." குழந்தை என்றால் ஒரு 'கண்ணு' சேர்த்துக்கொள்வாள். தூக்கத்தில்கூட இதையே உளறுகிறாள் என்று அவள் கணவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதில் பாதி பொய்.

அவளுடைய தங்கைக்கு அதே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். கல்யாணமாகி வருஷக்கணக்காகக் காத்திருந்து உண்டான பிள்ளை. காலையில் வலி கண்டது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, பிள்ளை உயிரோடு வரவில்லை. தங்கைக்கு ரத்தம் நிற்காமல், மயக்கத்திலேயே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கண் விழிக்க நாளைக்கு மேல் ஆகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் அம்மா முடிவெடுத்துவிட்டாள். அம்மா அந்த ரகம். துக்கம் வந்தால் அழுவதற்கு முன்னால் ஏதாவது ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

"சாயங்காலத்துக்குள்ள அடக்கம் பண்ணிடலாம். அவ கண்ணு முழிக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கணும்."

"அவ பாக்க வேணாமாம்மா?"

"பாத்தா தாங்குவாளா? பாக்காதது மனசுல நிக்காதுடி. போகப் போக மறந்துடுவா."

பார்க்காததுதான் மனசை விட்டு நகராது என்று அம்மாவிடம் யார் எடுத்துச் சொல்வது? சொல்ல வேண்டியவர் தங்கையின் கணவர். அவரோ பேயறைந்த மாதிரி சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். பிள்ளையை அவரும் பார்க்கவில்லை. நர்ஸ் வந்து கூப்பிட்டும் போகவில்லை.

"தம்பி, நீங்களாவது சொல்லுங்க."

"அத்தை சொல்றபடியே செஞ்சிடலாம், அண்ணி."

தங்கை கண் விழித்ததும் என்ன கேட்பாள் என்று அக்காவுக்குத் தெரியும். யார் மாதிரி இருந்தான் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்ல இந்தக் குடும்பத்தில் ஒரு ஆள் இருக்கப்போவதில்லை. சுமந்து பெற்றவளுக்குப் பிள்ளையின் முகம் இந்த ஜென்மத்தில் தெரியாமலே போய்விடும்.

அக்காவின் கையில் இருந்த போனில் படம் எடுத்தால் மனுஷன் எது, மரம் எது என்று சொல்ல முடியாது. விறுவிறுவென்று மாடிப்படி ஏறித் தோல் பிரிவுக்குப் போனாள். படை, தடிப்பு, புண் என்று எடுத்து வைக்க அங்கே ஒரு கேமரா இருந்தது. அந்தப் பிரிவின் இளம் டாக்டர் விஷயத்தைப் பாதி கேட்கும்போதே மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டாள்.

"பாதி அமுக்கினா தெளிவாகும், அக்கா. முழுசா அமுக்கினா எடுத்துடும். அவ்வளவுதான்."

பிரசவ வார்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. துவைத்த துணி அடுக்கும் இரும்பு அலமாரி, குழந்தை எடை பார்க்கும் தராசு, சக்கரம் வைத்த ஒரு மேசை, மங்கல் கண்ணாடி போட்ட ஜன்னல். பிள்ளையைப் பச்சைத் துணியில் சுற்றி மேசைமேல் வைத்திருந்தார்கள். நர்ஸ் துணியை விலக்கினாள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெரிந்த வேலையைத்தான் கை செய்தது. பிள்ளையை நேராகப் படுக்க வைத்தாள், கைகளைப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள், மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடுத்தாள்.

எடுத்ததைத் திருப்பிப் பார்த்தபோது அவளுக்கே பிடிக்கவில்லை. குழல் விளக்கின் கீழே எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. கேஸ் ஃபைலில் வைக்கிற படம் மாதிரி இருந்தது. இதைக் கொண்டுபோய்த் தங்கையிடம் எப்படி நீட்டுவாள்? இத்தனை வருஷமும் அவள் பழகியது ஆளை ஊடுருவிக்கொண்டு போகிற ஒளியோடு. முகத்தின்மேல் வந்து தங்குகிற ஒளியை அவள் ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

"லைட்டை அணைச்சிடுங்க சிஸ்டர்," என்றாள். "மேசையை இந்தப் பக்கம் தள்ளலாம்."

ஜன்னலருகே கொண்டுபோனதும் மத்தியான வெளிச்சம் கண்ணாடியில் வடிந்து, பிள்ளையின் ஒரு கன்னத்தில் மெதுவாக இறங்கியது. அவ்வளவுதான், அங்கே ஒரு முகம் வந்துவிட்டது. நெற்றியில் பூனை முடி தெரிந்தது. மேலுதடு சற்றே தூக்கி, எதையோ கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. காது மடலின் நுனி உள்பக்கமாக மடிந்திருந்தது. அவள் குனிந்தாள், நகர்ந்தாள், மண்டி போட்டாள். துணியைத் தாடை வரைக்கும் இழுத்துவிட்டாள், ஒரு கையை மட்டும் வெளியே எடுத்துக் கன்னத்தருகே வைத்தாள். அந்தப் பிள்ளைமேல் அவளுக்கு அப்போதுதான் ஆசை வந்தது. அடக்கம், அம்மா, வராந்தா எல்லாம் மறந்துபோயிற்று. மறக்கக் கூடாத ஒன்றையும் சேர்த்து மறந்துவிட்டாள்.

"மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கோ, கண்ணு. அசையாத." அமுக்கினாள். "ம், இப்ப மூச்சு விடு."

துணி மடித்துக்கொண்டிருந்த நர்ஸின் கை அப்படியே நின்றுவிட்டது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிப் போட்டுவிடலாம் போலிருந்தது. திரும்பினால் வாசலில் தங்கையின் கணவர். வண்டி வந்துவிட்டதென்று சொல்ல வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டார்.

கத்தப்போகிறார் என்று நினைத்தாள். அவர் கத்தவில்லை. மேசைக்குப் பக்கத்தில் வந்து, முதல் முறையாகப் பிள்ளையைக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மூச்சு விடலையே, அண்ணி," என்றார். "அவன் விடலையே."

அப்புறம் உடைந்துவிட்டார். பிள்ளையைத் துணியோடு வாரியெடுத்து, கழுத்து தொங்காமல் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, உயிருள்ள பிள்ளையைப் பிடிப்பது போலவே பிடித்துக்கொண்டு அழுதார். அழுகிற மனுஷனைப் படம் எடுப்பது சரியா தப்பா என்று அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டாள்.

தேடிக்கொண்டு வந்த அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. "போன பிள்ளையைப் படம் எடுக்கறியே, நெஞ்சுல ஈரம் இருக்காடி உனக்கு?" என்று கேட்டாள். உள்ளே பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டாள், திருப்பிக்கொண்டே போனாள். அன்று சாயங்காலம் அடக்கம் முடிந்தது.

தங்கை கண் விழித்தாள். அக்கா எதிர்பார்த்த கேள்வியைத்தான் கேட்டாள்.

"யாரு மாதிரிக்கா இருந்தான்?"

"படம் எடுத்து வச்சிருக்கேன். காட்டட்டுமா?"

"என்னைக் கேக்காம புதைச்சீங்க. என்னைக் கேக்காம படம் எடுத்தீங்க. நான்னு ஒருத்தி இருக்கேன்னு உங்கள்ல யாருக்காவது நெனப்பு வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத் தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அம்மா மூத்தவளை ஒரு பார்வை பார்த்தாள். சொன்னேனா இல்லையா என்ற பார்வை. அக்கா படங்களைக் காகிதத்தில் பிரிண்ட் போட்டு, உறையிலிட்டு, வீட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். ஆஸ்பத்திரியை விட்டுப் போன தங்கை அதற்கப்புறம் அவளோடு பேசவே இல்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் அதே நர்ஸ் எக்ஸ்ரே அறைக்கு வந்து நின்றாள். வார்டில் இன்னொரு தாய், இன்னொரு பிள்ளை.

"கேமரா எடுத்துக்கிட்டு வாங்க, அக்கா."

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு வரது? கூடப் பிறந்தவளே பேச மாட்டேங்கறா."

"இந்தப் பொண்ணு அவளே கேக்கறா."

அக்கா போனாள். முதலில் அந்தப் பெண்ணின் கட்டிலில் உட்கார்ந்து, என்ன வேண்டும், எது வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். பாதம் மட்டும் போதும் என்றாள் அவள். முகம் தன் மனசில் இருக்கிறதாம். பாதத்தை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். அதற்கப்புறம் பக்கத்து ஆஸ்பத்திரிகளிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். லீவு நாளில் தூங்குவதை விட்டுவிட்டு, சொந்தமாக ஒரு கேமரா வாங்கி, காய்கறிக் கூடையையும் கணவரின் வழுக்கையையும் வைத்து வெளிச்சம் எங்கே விழுகிறது, எங்கே சறுக்குகிறது என்று பழகினாள். கணவர் முணுமுணுத்தாலும் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிடுகிறவர்கள் பெருகினார்கள். கடைசியில் எக்ஸ்ரே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கு வேலை அமைந்ததென்னவோ உண்மைதான். ஆனால் அந்த உறை அலமாரியில் கிடக்கிற வரைக்கும் அவளால் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள், நாற்காலியில் உட்கார்ந்தாள், கையை நீட்டினாள்.

"குடு."

அக்கா உறையைக் கொடுத்தாள். தங்கை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துப் பார்த்தாள். அழவில்லை. பிள்ளையின் காதை விரல் நுனியால் தொட்டாள். கணவர் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த படத்தில் அவள் பார்வை வெகுநேரம் நின்றது.

"எவ்ளோ நேரம் தூக்கி வச்சிருந்தாரு?"

"வண்டிக்காரர் வந்து கதவைத் தட்டற வரைக்கும்."

தங்கை தலையாட்டினாள். "அப்பாவோட இருக்கான். நீ எடுத்திருக்க, நீயும் அவனோட இருந்திருக்க. எனக்குத்தான்கா அவனோட ஒரு படம் இல்ல." பிள்ளை தனியாக இருந்த படத்தை எடுத்து மார்போடு சேர்த்து, முகம் வெளியே தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள். "கேமரா இருக்குல்ல? எங்க ரெண்டு பேரையும் எடு."

அக்கா கேமராவை எடுத்து வந்தாள். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அம்மா சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. பிடிபிடியென்று பிடித்துக்கொள்ளப் போகிறாள் என்று அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இப்படிப் பரட்டைத் தலையோடவா படம் எடுப்பாங்க?" என்றாள் அம்மா. "இரு."

சீப்பைக் கொண்டுவந்து, நாற்காலிக்குப் பின்னால் நின்று, சின்னவளின் தலையை அவிழ்த்து வாரினாள். வாரிக்கொண்டிருக்கும்போதே அவள் பார்வை மகளின் தோளைத் தாண்டி அந்தப் படத்தின்மேல் விழுந்தது. சீப்பு நின்றது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"மூக்கு உன்னோடதுடி," என்றாள்.

பின்னலை முடித்து முன்னால் எடுத்துப் போட்டாள். அவள் விலகிக்கொள்ளட்டும் என்று அக்கா காத்திருந்தாள். அம்மா விலகவில்லை. மகளின் தோளில் கையை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். அக்கா மூன்று பேரையும் சேர்த்து எடுத்தாள்.